கொசுவலையும் குடிமனையும்: தருமபுரி வழியாக ஒரு காய்ச்சலின் வரலாறு



இலக்கிய மேடையில் நின்று மலேரியாவையும் கொசுவலையையும் பற்றிப் பேசப்போகிறேன். சேரியின் வாழ்வைச் சேரியே எழுதவேண்டும் என்று தொடங்கிய இயக்கம் நம்முடையது. அந்த வாழ்வில் பாதி, இரவு. எங்கே படுத்தோம், எதைப் போர்த்திக்கொண்டோம், எது கடித்தது, காய்ச்சல் கண்டால் யாரிடம் போனோம் என்பதெல்லாம் நம் வரலாற்றில் சேரவேண்டியவை. ஆனால் அந்த இரவைப் பற்றி இதுவரை அதிகம் எழுதியவர்கள் சுகாதார அதிகாரிகளும் கணக்கெடுப்பாளர்களும்தான். அவர்கள் எழுதி வைத்ததை நம் கண்ணால் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

1. கேள்வித்தாளில் விழாத வீடு

பொதுச் சுகாதாரத்தில் 'அறிவு, மனப்பாங்கு, நடைமுறை' என்ற மூன்று தலைப்புகளில் மக்களை அளக்கும் ஆய்வுமுறை ஒன்று உண்டு. 1950களிலும் 60களிலும் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டங்களுக்காகப் பரவிய முறை அது. பிறகு எல்லா நோய்களுக்கும் வந்துவிட்டது. சமூகவியல் படிக்கும் மாணவர்கள் பலர் இதே முறையில்தான் களப்பணி செய்கிறீர்கள். மலேரியா எதனால் வருகிறது, வீட்டில் கொசுவலை இருக்கிறதா, நேற்றிரவு அதற்குள் படுத்தீர்களா, இல்லையென்றால் ஏன் என்று கேள்விகள் வரிசையாக வரும்.

கடைசிக் கேள்விக்கு எங்கு போனாலும் ஏறக்குறைய ஒரே பதில்கள்தான். புழுக்கமாக இருக்கிறது. மூச்சு முட்டுகிறது. கட்ட இடமில்லை. ஒரு வலைதான் இருக்கிறது, ஆள் ஆறு பேர். நாங்கள் வெளியில் படுக்கிறவர்கள். வாங்க வசதியில்லை. பழக்கமில்லை. இந்தப் பதில்களை எல்லாம் 'மனப்பாங்கு' என்ற கட்டத்துக்குள் போட்டு, சதவீதம் கண்டு, அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'மக்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும்' என்று முடித்துவிடுகிறார்கள்.

அந்தப் பதில்களை ஒரு காலனி வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். ஓர் அறை. ஒரே ஜன்னல், சில வீடுகளில் அதுவும் இல்லை. மேலே பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் கக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ ஒழுகும் தொகுப்பு வீட்டுக் கான்கிரீட்டோ. அடுப்பு, பாத்திரம், அரிசி மூட்டை, பிள்ளைகளின் புத்தகப் பை எல்லாம் அதற்குள். கட்டில் கிடையாது, பாய்தான். கைக்குழந்தை இருந்தால் உத்தரத்தில் தூளி தொங்கும். கோடையில் ஆண்கள் வாசலிலும் மொட்டை மாடியிலும் படுப்பார்கள். கடலை விளையும் காலத்தில் பன்றிக்குக் காவல் காக்கப் பரணில் படுப்பார்கள். செங்கல் சூளைக்குப் போனால் சூளையடியில்.

கொசுவலை என்ற பொருள் ஒரு வீட்டை முன்வைத்துத் தைக்கப்பட்டது. நான்கு கால் உள்ள கட்டில், கயிறு கட்ட நான்கு ஆணி, காற்று வரும் ஜன்னல், இரவு முழுவதும் ஒரே இடத்தில் படுத்து எழும் வாழ்க்கை ஆகியவை அதற்கு வேண்டும். இவை இல்லாத இடத்தில் வலையைக் கொடுத்துவிட்டு, ஏன் கட்டவில்லை என்று மனதைச் சோதிக்கிறார்கள். புழுக்கமும் இடமின்மையும் வீட்டைப் பற்றிய தகவல்கள். அவற்றை மனப்பாங்கு என்று பெயர்மாற்றிய வரலாற்றைத்தான் இன்று சொல்ல நினைக்கிறேன்.

2. வலைக்கு உள்ளே, வலைக்கு வெளியே

வலை புழுங்கும் என்பதைச் சேரி மக்கள் கண்டுபிடிக்கவில்லை. கொசுவலைக்குள் தூங்கிய வெள்ளைக்கார துரைமார்களும் அதையேதான் சொன்னார்கள். அவர்களுடைய பங்களாக்களில் அதற்கு ஒரு தீர்வும் இருந்தது. உத்தரத்திலிருந்து பெரிய துணி விசிறியைத் தொங்கவிட்டு, அதன் கயிற்றைச் சுவர்த் துளை வழியாக வெளியே கொண்டுபோய், தாழ்வாரத்தில் ஓர் ஆளை உட்காரவைத்து இரவெல்லாம் இழுக்கச் சொன்னார்கள். பங்கா இழுப்பவர் என்று அந்த வேலைக்குப் பெயர். உள்ளே இருந்தவருக்குக் காற்றும் வலையும். வெளியே கயிற்றைப் பிடித்திருந்தவருக்குக் கொசு. துரைக்குப் புழுங்கியபோது அதை அறியாமை என்று யாரும் எழுதவில்லை.

மலேரியா கொசுவால் பரவுகிறது என்று கண்டறிந்த கதையிலும் ஒரு கொசுவலை வருகிறது. 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், உசேன் கான் என்ற மலேரியா நோயாளியை வலைக்குள் படுக்கவைத்துக் கொசுக்களை அந்த வலைக்குள் விட்டார். கடிக்கும் ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா கூலி. அந்தக் கொசுக்களில் ஒன்றை அறுத்துப் பார்த்தபோதுதான், ஆகஸ்ட் 20ஆம் தேதி, அதன் வயிற்றுச் சுவரில் மலேரியா கிருமியின் வளர்ச்சியை ராஸ் கண்டார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உசேன் கானின் பெயர் அந்தக் கதையில் ஓர் அடிக்குறிப்பாக நின்றுவிட்டது. கொசுவை வெளியே நிறுத்த உண்டான பொருள், ஓர் ஏழையின் உடம்போடு கொசுவைச் சேர்த்து அடைக்கும் கூண்டாகவும் இருந்திருக்கிறது.

கண்டுபிடிப்புக்குப் பிறகு என்ன செய்வது என்ற விவாதம் எழுந்தது. ராஸ், கொசு பெருகும் நீர்நிலைகளைச் சரிசெய்யச் சொன்னார். 1900இல் மேற்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த ஸ்டீபன்ஸ், கிறிஸ்டோபர்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் வேறு வழி சொன்னார்கள். உள்ளூர்க் குழந்தைகளின் ரத்தத்தில்தான் கிருமி தங்கியிருக்கிறது, ஆகவே ஐரோப்பியர் தங்கள் வீடுகளை அவர்களிடமிருந்து தள்ளி அமைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். சியரா லியோனின் ஃபிரீடவுன் நகரத்துக்கு மேலே மலையில் ஐரோப்பியருக்கு மட்டும் ஒரு குடியிருப்பு 1904இல் தயாரானது. பகலில் வேலைக்காரர்கள் ஏறிவரலாம். இரவில் தங்கக்கூடாது.

ஊரும் சேரியும் பிரிந்த நாட்டில் பிறந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பகலில் உழைப்பு வேண்டும், இரவில் உடம்பு அருகில் இருக்கக்கூடாது. இங்கே தீட்டு என்று சொன்னதை அங்கே கிருமி என்று சொன்னார்கள். அந்த இருவரில் ஒருவரான கிறிஸ்டோபர்ஸ் பின்னாளில் இந்திய மலேரியா ஆய்வுகளுக்கே தலைமை ஏற்றார். காய்ச்சலைக் குணப்படுத்துவதைவிடக் காய்ச்சல்காரரை ஒதுக்குவது எளிது என்ற நினைப்பு நவீன மருத்துவத்துக்குள்ளும் இருந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ளவேண்டும்.

3. ஆறும் அணையும்

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம். 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. மழை குறைவு, பாறை அதிகம், வறண்ட பூமி என்றுதான் பெயர். வறண்ட பூமியில் கொசுக்காய்ச்சல் எப்படி என்று கேட்கலாம். இந்தியக் கிராமப்புற மலேரியாவைப் பெருமளவில் பரப்பும் அனாபிலஸ் குலிசிபேசிஸ் என்ற கொசு சாக்கடையில் முட்டையிடாது. வெள்ளம் வடிந்தபின் ஆற்று மணலில் தேங்கும் குட்டைகள், வாய்க்கால் ஓரம், பாசனக் கிணறு போன்ற ஓரளவு தெளிந்த நீரில்தான் பெருகும். இரவில் கடிக்கும். மாட்டுக் கொட்டகையிலும் குடிசைக்குள்ளும் ஒண்டும். ஓடும் ஆற்றைவிட வற்றும் ஆறு அதற்கு வசதி. தென்பெண்ணை, காவிரி, சின்னாறு என்று வெள்ளமும் வற்றலும் மாறிமாறி வரும் ஆறுகள் நம்முடையவை. தென்பெண்ணைக் கரையோரத்தில் ஒழியாமல் நீடித்த மலேரியாவைப் பற்றி 1980களில் பூச்சியியலாளர்கள் தனியே ஆராய்ந்து எழுதினார்கள்.

நீரை மனிதர்கள் மாற்றியபோது காய்ச்சலும் இடம் மாறியது. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் மேலே பென்னாகரம் வட்டம் வரை நீள்கிறது. அந்த நீர் கீழே தஞ்சைக்குப் போய், மக்கள் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய் வழியாகப் பட்டுக்கோட்டைப் பகுதியில் பாய்ந்தது. அதுவரை மழையை நம்பியிருந்த பகுதியில் நெல்லோடு மலேரியாவும் வந்தது. ராக்ஃபெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் 1930களில் அதை ஆராய்ந்தார். கால்வாயைச் சரியாக வடிகாலோடு திட்டமிடாததும், மண் எடுத்த குழிகளை மூடாமல் விட்டதும் கொசுவுக்கு இடம் கொடுத்தன. பைரித்ரம் என்ற பூ மருந்தை வீட்டுக்குள் தெளித்துக் கொசுவைக் கொல்லும் சோதனைகளும் அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்தன. இன்று கொசுவலையில் ஏற்றப்படும் மருந்து, அந்தப் பூவின் சாரத்தைப் பார்த்துச் செயற்கையாகச் செய்ததுதான்.

பாசனத்தால் யாருக்கு விளைச்சல், யாருக்குக் காய்ச்சல் என்ற கணக்கு இங்கே முக்கியம். வாய்க்கால் வெட்டியவர்களும், நாற்று நட்டவர்களும், நீர் தேங்கும் தாழ்ந்த பகுதியில் குடிசை போட்டிருந்தவர்களும் ஒரே மக்கள். பல ஊர்களில் சேரி பள்ளத்தில்தான் இருக்கிறது. நீர் வடியும் திசையிலேயே நம்மைக் குடியமர்த்தியிருக்கிறார்கள்.

4. சுவருக்கு அடித்த மருந்து

விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 8 லட்சம் பேர் இறந்தார்கள் என்று மதிப்பிட்டார்கள். 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958இல் ஒழிப்புத் திட்டமும் வந்தன. முதன்மை ஆயுதம் டிடிடி. வீட்டின் உள்சுவரில் அடித்துவிட்டால், ரத்தம் குடித்துவிட்டுச் சுவரில் உட்காரும் கொசு செத்துப்போகும். 1965இல் நோயாளிகள் ஒரு லட்சம் அளவுக்குக் குறைந்தார்கள், இறப்பு ஒன்றும் பதிவாகவில்லை. பெரிய சாதனைதான். அதை நாம் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் கண்காணிப்பு தளர்ந்தது, கொசு மருந்துக்குப் பழகியது, பணம் குறைந்தது. 1976இல் 64 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா திரும்பி வந்தது.

அந்த ஆண்டுகளிலும் மக்களின் மனப்பாங்கு பற்றிப் புகார் எழுந்தது. தொடக்கத்தில் மருந்தடிக்க வந்தவர்களை மக்கள் வரவேற்றார்கள். காரணம், டிடிடி மூட்டைப்பூச்சியையும் கொன்றது. சில ஆண்டுகளில் மூட்டைப்பூச்சி அதற்கு அசையாமல் போனதும் வரவேற்பு குறைந்தது. மருந்தின் வாடை, வெள்ளைக் கறை, பாத்திரங்களையெல்லாம் வெளியே எடுத்துவைக்கும் தொல்லை ஆகியவை சேர்ந்தன. மண் சுவருக்கு அடித்த மருந்து அடுத்த மெழுகலோடு மறைந்துவிடும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதும் சாணம் மெழுகுவதும் சுத்தத்துக்காகச் செய்பவை. அதையே திட்டக்காரர்கள் ஒத்துழையாமை என்று எழுதினார்கள். சிமெண்ட் பூசிய சுவர் இருந்தவருக்கு மெழுகும் தேவையே இல்லை என்பது அந்தக் குறிப்புகளில் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. அரசு ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளே நுழைந்து, ஒவ்வொரு விரலிலும் ரத்தம் எடுக்கவேண்டிய திட்டம் அது. அப்படி நுழைய நம்பிக்கை வேண்டும். நம் மாவட்டத்தில் அரசு வீட்டுக்குள் நுழைந்த வரலாறு எப்படிப்பட்டது? 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தியில் மலையாளிப் பழங்குடியினரின் வீடுகளுக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன, குடிநீர்க் கிணறு பாழாக்கப்பட்டது. 2011இல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீதி வர 31 ஆண்டுகள் ஆயின. காக்கிச்சட்டையும் கையில் ஏடுமாக வருகிறவரைக் கண்டு ஒரு மலைக் கிராமம் கதவைச் சாத்தினால், அதை மனப்பாங்கு என்ற கட்டத்தில் அடைக்க முடியாது. அந்த மக்களுக்கு நினைவு இருக்கிறது.

5. பட்டுப்புழுவின் வலை

தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துத் தோழர்களுக்குப் பட்டுப்புழு வளர்ப்பு தெரியும். புழுவுக்கு ஊசி ஈ என்று ஓர் எதிரி உண்டு. அந்த ஈ புழுவின் உடம்பில் முட்டையிடும், முட்டையிலிருந்து வரும் குட்டிப்புழு பட்டுப்புழுவுக்குள் துளைத்துப் போய்த் தின்னும், கூடும் கெட்டுப்போகும். 1980இல் அது கர்நாடகத்துக்கு வந்து சேர்ந்தபின் இந்தப் பக்கத்து வளர்ப்பாளர்களுக்கும் பெரும் கவலையானது. அதற்கு விஞ்ஞானிகள் சொன்ன முதல் பாதுகாப்பு நைலான் வலை. ஜன்னலுக்கு வலை, கதவுக்கு வலை, புழுத் தட்டுகள் அடுக்கிய தாங்கியைச் சுற்றியும் வலை. புழுவுக்குத் தனியாக 'வளர்ப்பு மனை' கட்ட அரசு மானியம் கொடுக்கிறது. காற்றோட்டம், வெப்பம், ஈரப்பதம் எவ்வளவு இருக்கவேண்டும் என்றும் சொல்லித் தருகிறது. பட்டு விவசாயிகளில் நம் மக்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது கிடைக்கவேண்டும். நான் கேட்பது வேறு. காற்றோட்டமும் வலையும் உள்ள மனை ஓர் உயிரைக் காக்கும் என்பது அரசுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அங்கே இலை நறுக்கிப் போடும் கூலிப்பெண் இரவில் திரும்பிப்போகும் வீட்டுக்கு அந்த அறிவு வந்து சேரவில்லை.

பட்டுப்புழுவைப் பற்றி இன்னொரு பாடமும் உண்டு. பூச்சிமருந்து பட்டால் புழு செத்துவிடும். அதனால் புழு வளர்க்கும் வீடுகளில் மலேரியாவுக்கு மருந்தடிக்க மக்கள் சம்மதிக்கவில்லை. கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம், கோலார் மாவட்டத்துக் காமசமுத்திரம் பகுதியில் இந்தச் சிக்கல் வந்தபோது ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள்? மருந்தை ஒதுக்கிவிட்டு, 1990களில் கிணறுகளில் கொசுப்புழு தின்னும் கப்பி, கம்பூசியா மீன்களை விட்டார்கள். மலேரியா இறங்கியது. அருமையான வேலை அது. ஒரு மக்கள் கூட்டம் மறுத்தபோது அந்த மறுப்பில் காரணம் இருக்கிறது என்று ஏற்று, அறிவியல் தன் வழியை மாற்றிக்கொண்டது. பட்டு வளர்ப்பவரின் மறுப்பைப் பொருளாதாரம் என்று புரிந்துகொள்ள முடிந்தவர்களுக்கு, ஓரறை வீட்டுக்காரரின் மறுப்பு மட்டும் ஏன் அறியாமையாகத் தெரிகிறது?

6. மனையும் பட்டாவும்

அந்த ஓரறை எப்படி வந்தது என்பதற்கும் வரலாறு உண்டு. 1792இல் பாரமகால் கும்பினியின் கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து, உழவரிடம் நேரடியாக வரி வாங்கும் முறையை உருவாக்கினார்கள். மன்றோ ஏழாண்டு இந்தப் பகுதியில் வேலை செய்தார். ரயத்துவாரி முறையின் பிறப்பிடம் என்று வரலாற்றுப் புத்தகங்கள் இந்த மண்ணைப் புகழும். ஆனால் சேற்றில் இறங்கி உழைத்த தீண்டப்படாதாரில் பெரும்பாலோர் பெயரில் பட்டா எழுதப்படவில்லை. ரயத்து என்று கணக்கில் ஏறியவர் வேறு.

நிலம் மட்டுமா, குடியிருக்கும் மனையும் சொந்தமில்லை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கையில் இதை வலியுறுத்தினார். குடிசை நிற்கும் இடமே மிராசுதாரின் பிடியில் இருந்ததால், கூலி கேட்டால் வீட்டைவிட்டே துரத்த முடிந்தது. 1892இல் வந்த பஞ்சமி நில ஆணைகளின் பின்னணி அந்த அறிக்கைதான். எந்த நேரமும் எழுப்பிவிடக்கூடிய இடத்தில் ஒருவர் கல்சுவர் வைத்து, ஜன்னல் வைத்து, வலை அடிப்பாரா?

சொந்த மனையும் கான்கிரீட் வீடும் வந்தபிறகும் நிலைமை முழுக்க மாறவில்லை என்பதை நம் மாவட்டமே காட்டியது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் வாங்கிய பீரோ, கட்டில், தொலைக்காட்சி, சான்றிதழ்கள் எல்லாம் எரிந்தன. பல வீடுகளில் முதல் தலைமுறைக் கட்டில் அது. பாயிலிருந்து கட்டிலுக்கு ஏறியவர்களைத் திரும்பவும் தரையில் இறக்குவது அந்த நெருப்பின் நோக்கங்களில் ஒன்று.

7. இலவசம் என்ற ஏளனம்

வலையே பயனற்றது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. மருந்தேற்றிய வலை குழந்தை இறப்பைக் குறைக்கும் என்பது 1990களில் ஆப்பிரிக்காவில் நடந்த பெரிய ஆய்வுகளில் உறுதியானது. ஆறு மாதத்துக்கொருமுறை மருந்தில் முக்கவேண்டிய வலைக்குப் பதில், சுமார் மூன்று ஆண்டு தாங்கும் வலை வந்தது. இந்தியத் திட்டம் அதை 2009இல் கொண்டுவந்தது. கொசுவத்திச் சுருளுக்கு இரவுதோறும் காசைக் கரியாக்கி அந்தப் புகையைப் பிள்ளைகள் மூச்சில் இழுப்பதைவிட வலை நல்லது. வேப்பிலையும் நொச்சியும் புகைத்து வந்த மக்களுக்குக் கொசுவைத் தடுக்கவேண்டும் என்ற அறிவு புதிதும் அல்ல.

'சும்மா கொடுத்தால் மதிக்கமாட்டார்கள்' என்று ஒரு வாதம் உண்டு. ரேஷன் அரிசி முதல் மிதிவண்டி வரை தமிழ்நாட்டில் எல்லாவற்றுக்கும் கேட்ட வாதம்தான். இதைச் சோதித்தே பார்த்தார்கள். கென்யாவில் கர்ப்பிணிப் பெண்களுக்குச் சில மருத்துவமனைகளில் வலையை இலவசமாகவும் சிலவற்றில் சிறு விலைக்கும் கொடுத்த ஆய்வை ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டுபாஸ் என்ற பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்டார்கள். சிறிய விலை வைத்ததுமே வாங்குவோர் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. இலவசமாகப் பெற்றவர்களோ, காசு கொடுத்து வாங்கியவர்களுக்குக் குறையாமல் வலையைப் பயன்படுத்தினார்கள்.

நம் நாட்டிலேயே ஒடிசா இருக்கிறது. மலைப்பகுதி ஆதிவாசிகளின் அறியாமைதான் மலேரியாவுக்குக் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2017இல் அந்த மாநிலத்தில் ஒரு கோடிக்கும் அதிகமான வலைகளை, வீட்டுக்கு ஒன்று என்று கிள்ளிக் கொடுக்காமல், ஆள் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் தங்கும் விடுதிகளுக்கும் கொடுத்தார்கள். எட்டாத கிராமங்களுக்கு முகாம் போட்டு, அறிகுறி இல்லாதவருக்கும் ரத்தம் பார்த்து மருந்து தந்தார்கள். 2017இல் மூன்றரை லட்சத்தை ஒட்டியிருந்த நோயாளிகள் எண்ணிக்கை 2018இல் 70 ஆயிரத்துக்கும் கீழே வந்தது. ஓராண்டில் ஒரு மக்களின் மனம் மாறிவிடாது. மாறியது அவர்களுக்குக் கிடைத்தது.

8. அம்பேத்கர் பார்த்த குடியிருப்பு

இதற்கு நமக்கு முன்னோடி இருக்கிறார். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கர், 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குப் போனார். சுரங்கத்துக்குள் இறங்கினார், தொழிலாளர் வீடுகளையும் பார்த்தார். அடுத்த மாதம், 1944 ஜனவரியில், நிலக்கரிமீது தீர்வை வசூலித்துத் தொழிலாளர் நலநிதி அமைக்கும் அவசரச் சட்டம் வந்தது. வீடு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றோடு சுரங்கப் பகுதிகளில் மலேரியாத் தடுப்பும் அந்த நிதியின் முதல் வேலைகளில் ஒன்றாக இருந்தது. செலவு நிலக்கரியின் கணக்கில் விழுந்தது, தொழிலாளியின் கூலியில் விழவில்லை. காய்ச்சலைக் குடியிருப்போடும் உழைப்போடும் சேர்த்துப் பார்த்த பார்வை அது.

இன்று தமிழ்நாட்டில் மலேரியா ஆண்டுக்குச் சில நூறு பேர் என்ற அளவுக்கு வந்துவிட்டது. 2030க்குள் நாட்டிலிருந்தே ஒழிப்பது இலக்கு. இலங்கை 2016இல் அதை எட்டிவிட்டது. ஒரு நோய் மறையும்போது கடைசியாக யாரிடம் தங்கும் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான். மங்களூரும் பெங்களூரும் போன்ற நகரங்களில் கட்டடம் எழும் இடத்தில், சிமெண்ட் இறுகத் தேக்கிய நீரில் அனாபிலஸ் ஸ்டீபன்சி என்ற நகரத்துக் கொசு பெருகும். தருமபுரியிலிருந்து போன பிள்ளைகள் அந்தக் கட்டடத்தின் பாதி முடிந்த தளத்தில் படுத்திருப்பார்கள். ஓசூர் தகரக் கொட்டகையில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தலித், ஆதிவாசித் தொழிலாளர்கள் படுத்திருப்பார்கள். தங்குவதற்குத் தகுந்த இடம் கொடுப்பது ஒப்பந்ததாரரின் கடமை என்று மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம் 1979இலேயே சொல்லிவிட்டது. கொட்டகைகளில் அது நடக்கவில்லை.

இந்த இடத்தில் நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். 'வடக்கே இருந்து வந்தவன் காய்ச்சலைக் கொண்டுவந்தான்' என்ற பேச்சு நம் தெருக்களிலும் கேட்கத் தொடங்கிவிட்டது. ஃபிரீடவுன் மலைமேல் குடியேறியவர்கள் பேசியதும் இதுதான். நம்மைப் பள்ளத்தில் வைத்தவர்கள் பேசுவதும் இதுதான். அந்தக் கொட்டகைக்காரருக்காக வீடும் வலையும் ரத்தப் பரிசோதனையும் மருந்தும் கேட்பது நம் இயக்கத்தின் வேலை.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கேள்வித்தாள் எடுத்துக்கொண்டு காலனிக்குப் போகும்போது சில கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எங்கே படுக்கிறார்கள்? ஜன்னல் எத்தனை? கயிறு கட்ட எங்கே இடம்? இருப்பது ஒரே வலை என்றால் அதற்குள் யார், வெளியே யார்? கடைசியாகப் படுத்து முதலில் எழும் பெண் எதற்குள் படுக்கிறாள்? மனை யார் பெயரில் இருக்கிறது? ஆண்டில் எத்தனை இரவு வேலைக்குப் போன இடத்தில் தூங்குகிறீர்கள், அங்கே என்ன இருக்கிறது? பதில்களை எழுதிக்கொண்டு வாருங்கள். அவற்றை வைத்து மாவட்ட ஆட்சியரிடமும், ஆதிதிராவிடர் நலத் துறையிடமும், தொழிலாளர் துறையிடமும், பொதுச் சுகாதாரத் துறையிடமும் நாம் சேர்ந்து போவோம். வலை கேட்போம், அதைக் கட்ட வீடும் கேட்போம்.

ஜெய்பீம்.